வலியசாலை: ஊர்ப்பெயரும் இடம் மாறும் சொற்களும்

திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்கும் கிள்ளியாற்றுக்கும் அணித்தாக உள்ள வலியசாலை என்னும் பகுதியின் பெயரைச் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் ஒருவர் முதன்முறை படிக்கும்போது, அவர் மனத்தில் எழும் பொருள் பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். இக்காலத் தமிழில் 'வலிய' என்பது வலிமையுள்ள என்றும், 'வலியப் போய்' என்னும் தொடரில் தானாகவே என்றும் பொருள்படும். சாலை என்பதோ வண்டிகள் ஓடும் வழி. ஆனால் திருவனந்தபுரத்தை உள்ளடக்கிய பழைய வேணாட்டு வழக்கில் வலிய என்றால் பெரிய என்பது பொருள். வலியதுறை என்னும் கடற்கரைப் பெயரிலும், வலிய தம்புரான் என்னும் அரசப் பட்டத்திலும் அதுவே இருக்கிறது. சாலை என்பதும் அங்கே வழியன்று. பலர் கூடி உண்ணவும் கற்கவும் தங்கவும் அமைந்த நிலையம். ஆகவே வலியசாலை என்பது பெருஞ்சாலை. ஆனால் இன்றைய தமிழ்நாட்டில் 'பெருஞ்சாலை' என்று எழுதினால் அது நெடுஞ்சாலைத் துறையின் சொல்லாக ஒலிக்கும் என்பது வேறு சங்கடம்.

சாலை என்னும் சொல் வடமொழிச் 'சாலா' என்பதன் வழிவந்தது. அதன் பழம்பொருள் பாடசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை, அறச்சாலை ஆகிய கூட்டுச்சொற்களில் மட்டும் தமிழகத்தில் பிழைத்திருக்க, தனித்து வழங்கும்போது அது இருமருங்கும் மரம் நட்ட வழியைக் குறித்து, பின்னர் மரம் இல்லாத வழியையும் குறிக்கலாயிற்று. திருவனந்தபுரத்துத் தமிழர் 'சாலைக்குப் போய்வருகிறேன்' என்றால், காய்கறியோ பாத்திரமோ வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறார் என்று கொள்ள வேண்டும். பொதுச்சொல் ஒன்று, ஓர் ஊரில் ஓர் இடத்தின் சிறப்புப் பெயராக இறுகிவிட்ட நிலை இது.

இப்பகுதியில் உள்ள சிவன் கோயில் காந்தளூர் மகாதேவர் கோயில் எனப்படுகிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று கருதுவோர் பலர். விழிஞத்தை ஒட்டிய கடற்கரையில் அதைத் தேடுவோரும் உண்டு. எவ்வாறாயினும், காந்தளூர்ச் சாலை என்பது ஒரு நிறுவனமாக இருந்தது என்பதற்கு வலுவான சான்று ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு. கி.பி. 866-ஐ ஒட்டி எழுந்த அந்த ஆவணம், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் பயிலும் மாணாக்கர்களுக்கு, உணவும் உறைவிடமும் அளிக்கும் சாலை ஒன்றை அரசன் நிறுவியதையும், அதன் ஒழுங்குகள் காந்தளூரின் முறைப்படி அமைந்ததையும் கூறுகிறது. புதிய சாலைக்குப் பழைய சாலை முன்மாதிரி ஆயிற்று என்பதிலிருந்தே, 9ஆம் நூற்றாண்டில் காந்தளூர் எத்தகைய பெயரோடு விளங்கியது என்பதை உணரலாம்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செய்தி அவனுடைய கல்வெட்டுகளில் இடம்பெறத் தொடங்குகிறது. வரலாற்றறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்த தொடர் இது. கலம் என்றால் கப்பல். ஆகவே சேரனின் கப்பற்படையைச் சோழன் அழித்தான் என்பது ஒரு கொள்கை. கலம் என்றால் உண்ணும் தட்டு. ஆகவே சாலையில் நடந்துவந்த ஊட்டை அவன் நிறுத்தினான், அல்லது உண்போர் இத்தனை பேர் என்று வரையறுத்தான் என்பது மற்றொன்று. தஞ்சை வட்டாரத்து உழவரிடம் கேட்டால் கலம் என்பது பன்னிரண்டு மரக்கால் நெல். மலையாள அடுக்களையிலோ அது சோறு பொங்கும் மட்பானை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி ஆய்வுநூலே எழுதினார். இராசராசனுக்குப் பின் இராசாதிராசனும் முதற் குலோத்துங்கனும் அதே செயலைத் தமக்கும் உரியதாகச் சொல்லிக்கொள்வதைக் காணும்போது, ஒரே துறையில் ஒரே கப்பற்படை இத்தனை முறை அழிந்ததா என்ற ஐயம் எழுவது இயல்பே. அறுபட்டது மரக்கலமா உண்கலமா என்பதுதான் கேள்வி. ஒரு பேரரசின் முதல் வெற்றியின் தன்மை, அடுக்களையிலும் களத்துமேட்டிலும் துறைமுகத்திலும் வெவ்வேறாக வழங்கிய ஒரு மூவெழுத்துச் சொல்லின்மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சாலையின் பழம்பொருள் திருவிதாங்கூரில் மறையாமல் நின்றதற்கு அரசே காரணம். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய அக்ரசாலையிலும், நாடெங்கும் வழியோரங்களில் இருந்த ஊட்டுப்புரைகளிலும், அதாவது பிராமணருக்கு அரசு உணவளிக்கும் கூடங்களிலும், பல தலைமுறைகள் சோறு விளம்பப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் ஆட்சியில் (1758–1798), தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, கணக்கெழுதுவோரும் சாத்திரம் ஓதுவோரும் சமையற்காரரும் திருநெல்வேலி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து வந்து வலியசாலை, கரமனை, கோட்டையகம் ஆகிய அக்கிரகாரங்களில் குடியேறும் போக்கு வலுப்பெற்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் திவான் இராசா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியதும், நாஞ்சில் நாட்டு வேளாளரும் செட்டிமாரும் நாடாரும் முசுலிம் வணிகரும் அங்கே வந்து சேர்ந்தனர். இதன் விளைவாக, ஒரே தெருவின் இருபுறமும் இருவகைத் தமிழும், நடுவே தென்திருவிதாங்கூர் மலையாளமும் நாள்தோறும் மோதின. மொழிகள் மோதும் இடத்தில் முதலில் உடைவது இலக்கணம் அன்று. தெரிந்த சொல்லின் பொருள்தான்.

'மடி' என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அக்கிரகாரத்தில் மடி என்பது குளித்து ஈரம் உலர்ந்த துணி உடுத்தி யாரையும் தீண்டாதிருக்கும் சடங்குத் தூய்மை. கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் பொருள் அது. தெருமுனையில் பால் ஊற்றும் மலையாளிக்கோ மடி என்றால் சோம்பல். 'அம்மா மடியாக இருக்கிறாள்' என்ற அறிவிப்பு அவன் காதில் எப்படி விழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இதில் நகைப்புக்கு அப்பால் ஒரு செய்தியும் உண்டு: திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை என்னும் தலைப்பில் சோம்பலைக் கடிவதால், பழந்தமிழ்ப் பொருளைக் காத்தவன் பால்காரனே ஆகிறான்.

'கொண்டாட்டம்' என்பது தமிழ்நாட்டில் விழா. கேரளத்துத் தமிழ்ப் பிராமணர் வீட்டிலும் மலையாளி வீட்டிலும் அது மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி எண்ணெயில் பொரிக்கும் மிளகாய், பாகற்காய் வற்றல்களின் பெயருமாகும். 'சக்கை' என்பது தஞ்சையில் சாறு பிழிந்தபின் எறியும் கழிவு. நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் பலாப்பழமே சக்கை, அதிலிருந்து செய்யும் வரட்டியும் பிரதமனும் விருந்தின் சிறப்புகள். 'கறி' சென்னைத் தெருவில் இறைச்சி, அக்கிரகாரத்தில் காய் வதக்கல், யாழ்ப்பாணத்தில் சோற்றுக்குத் துணையாகும் எதுவும், சங்க இலக்கியத்தில் மிளகு. சீனியும் சர்க்கரையும் செய்யும் குழப்பம் கடைக்காரர் அனைவரும் அறிந்தது: தெற்கே வெள்ளையாக இருப்பது சீனி, வெல்லத்தின் இனம் சர்க்கரை, வடக்கே வெள்ளையே சர்க்கரை, ஆனால் சர்க்கரைப் பொங்கலில் மட்டும் வெல்லம். செய்தித்தாளில் ஒரு தலைவர் மற்றொருவரைச் 'சாடினார்' என்றால் கண்டித்தார் என்று பொருள். நாகர்கோவிலுக்கு மேற்கே சாடினார் என்றால் குதித்தார்.

பணத்தைக் குறிக்கும் சொற்களில் அரசியல் வரலாறு அப்படியே படிந்துள்ளது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆகவே தமிழ்நாட்டில் வண்டிக்கு மட்டும் உரிய சக்கரம், அங்கே மடியில் முடிந்துவைக்கும் செல்வம் ஆயிற்று. நாணயம் வழக்கொழிந்த பின்னும் சொல் பேச்சில் தங்கியது. சென்னையின் 'துட்டு' டச்சுக்காரரின் சிறுகாசிலிருந்து வந்தது என்பர், 'டப்பு' தெலுங்கு, இலங்கையின் 'சல்லி' சிங்களத்தோடு பொதுவானது, தமிழகத்தில் அது சல்லிக்காசு என்று இளப்பமாகச் சுருங்கிவிட்டது.

ஒரு மொழி பல நாடுகளில் பரவும்போது இத்தகைய பிறழ்ச்சி நேர்வது தமிழுக்கு மட்டும் உரியதன்று. இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள ஸ்பானியத்தில் 'குவாகுவா' என்றால் கியூபாவிலும் கானரித் தீவுகளிலும் பேருந்து; சிலியிலும் ஆண்டிஸ் மலைநாடுகளிலும், அங்குள்ள கெச்சுவா மொழியின் வழியாக, அது கைக்குழந்தை. ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பதற்கு இயல்பாக வழங்கும் 'கோஹேர்' என்னும் வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் சபையில் சொல்லத்தகாதது. இதை அயல்நாட்டு விந்தை என்று எண்ணத் தேவையில்லை. திருவனந்தபுரத்தில் செல்லமாகப் பிள்ளையை 'அப்பி' என்று அழைப்பர். கேரளத்தின் பிற பகுதிகளில் அப்பி என்பது மலத்துக்குக் குழந்தைகள் சொல்லும் பெயர். வெள்ளியைக் குறிக்கும் 'பிளாட்டா' தென்னமெரிக்காவில் பணமாகியதும், சக்கரம் வேணாட்டில் பணமாகியதும் ஒரே வகை நிகழ்ச்சிகளே. இத்தாலியக் குடியேறிகளால் புவனோஸ் ஐரிஸ் துறைமுகச் சேரிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான 'லுன்ஃபார்தோ' என்னும் கொச்சைவழக்குக்கு இணை தேடினால், உருதிலிருந்து பேஜாரையும் நாஷ்டாவையும் எடுத்துக்கொண்ட சென்னைத் தமிழைச் சொல்லலாம்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் மிக முன்னரே கண்டுகொண்டது. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது, செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்களின் வழக்குகளுக்குத் திசைச்சொல் என்ற இடத்தைக் கொடுத்தது. உரையாசிரியர்கள் அந்நிலங்களில் வேணாட்டையும் எண்ணி, குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், குடநாட்டார் தந்தையை அச்சன் என்பர், அருவாநாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்பர் என எடுத்துக்காட்டினர். அச்சன் இன்று மலையாளத்தின் பொதுச்சொல். கேணி சென்னைத் திருவல்லிக்கேணியில் நிற்கிறது. தள்ளை குமரி மாவட்டத்தில் இன்றும் வழங்குகிறது, ஆனால் கோபத்தில். போற்றத்தக்க செய்தி என்னவெனில், உரையாசிரியர்கள் இவற்றை இழிவழக்கு என்று ஒதுக்காமல், ஊரைச் சொல்லிப் பொருளைச் சொன்னார்கள் என்பதே. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி, நாஞ்சில் நாடு, திருநெல்வேலி, யாழ்ப்பாணம் ஆகிய இடக்குறிப்புகளோடு பல சொற்களைப் பதிவு செய்ததும் அதே மரபில்தான். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கென்றே ஓர் அகராதியை வெளியிட்டார்.

இடக்குறிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. அங்கே 'பேசினார்' என்றால் ஏசினார், உரையாடுவது 'கதைத்தல்'. முற்காலத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லுதலைக் குறிக்கும் 'பறைதல்' யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் உண்டு; இடையே கிடக்கும் தமிழகமோ அதைப் பறையடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டது. நடுநிலம் இழந்ததை இரு விளிம்புகளும் தனித்தனியே காத்திருக்கின்றன. புரிந்துகொள்வதற்குச் சென்னை 'புரிகிறதா' என்றும், இலங்கை 'விளங்குகிறதா' என்றும், நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் 'மனசிலாச்சா' என்றும் கேட்கின்றன. முதல் இரண்டும் பழைய தமிழ்ச் சரக்கிலிருந்து ஆனவை; மூன்றாவதில் உள்ள மனசு வடமொழியிலிருந்து வந்தது. ஆனாலும் கடன் என்று அதைத் தள்ள முடியாது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, வலியசாலைத் தமிழுக்கு ஊற்றாக இருந்த நிலம் எல்லைக்கு அப்பால் சென்றது. அதன்பின் இவ்வழக்குக்கு அச்சில் இடம் தந்தவர்கள் படைப்பாளிகளே. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-இல் இரணியல் செட்டிமார் பேச்சை மாற்றாமல் நாவலாக்கியது. சாலைத் தெருவிலேயே பாத்திரக்கடை நடத்திய ஆ. மாதவன் (1934–2021), சுமைதூக்குவோரும் தரகரும் பேசும் இருமொழிக் கலவையைத் தம் கடைத்தெருக் கதைகளில் பதித்தார். மாதவனை வாசிக்கும் சென்னை வாசகர் சில சொற்களில் தடுக்கி நின்றாலும், அவற்றுக்கு அடிக்குறிப்பு இடுவது கதையைக் கெடுக்கும்.

எல்லை மாறிய பின்னும், நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை எல்லையைக் கடந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். சரசுவதி கோட்டையகத்து நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டையிலும் அமர, குமாரசுவாமி வலியசாலைக்கு அடுத்த ஆரியசாலைக் கோயிலில் விழா முடியும்வரை தங்கியிருக்கிறார்.