இராப்பசிக்கு எந்த வாசல்?

மணி பதினொன்றரை. மதுரையில் நடந்த பேச்சுப் போட்டி முடிந்து நெல்லைப் புதிய பேருந்து நிலையத்தில் வந்திறங்கினோம். மாணவர் மூவர், மாணவி ஒருத்தி, அவளுக்குத் துணையாக அவள் தாயார், ஆசிரியராகிய நாம். கல்லிடைக்குறிச்சிக்கு இனிக் காலையில்தான் வண்டி. இடையே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். அதைவிட நீண்டதாக இருந்தது பிள்ளைகளின் பசி.

முதலில் கண்ட கடையில் இடமிருந்தது, இலையிருந்தது, அடுப்பில் கனலும் இருந்தது. ஆனால் கல்லாவில் இருந்தவர் மாணவியையும் தாயாரையும் ஒரு முறை பார்த்தார். "பையங்க உள்ள வரட்டும் சார். இந்த நேரத்துல பொம்பளைங்களுக்குச் சரிப்படாது. பார்சல் கட்டித் தாரேன்" என்றார். அவர் கெட்டவராகத் தோன்றவில்லை. அறிவுரை சொல்பவர் போலத்தான் சொன்னார். நாம் அறுவரும் வெளியேறினோம். அடுத்த கடையை நோக்கி நடந்தபோது அந்த மாணவி கேட்டாள்:

"சார், அந்தக் காலத்துல ராத்திரி இந்த ஊருக்கு வந்து இறங்குனவங்க எங்க சார் சாப்பிட்டிருப்பாங்க?"

வரலாறு கற்பிக்கும் நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. மன்னர் எவர், மணிமுடி எப்போது, போர் எங்கே என்று பாடம் நடத்துகிறோம். பசித்தவன் எந்த வாசலில் நின்றான் என்று என்றைக்கேனும் நடத்தியதுண்டா? நடத்தாத அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுத முனைகிறோம்.

இரவில் உணவு விற்பது நேற்று வந்த நாகரிகம் அன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி மதுரையின் பகற்கடையை நாளங்காடி என்றும் இரவுக் கடையை அல்லங்காடி என்றும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. இரவு முதிர்ந்தபின் அடை விற்கும் கூவியர் தம் பண்டங்களின் அருகிலேயே கண்ணயர்ந்து கிடப்பதையும் அந்தப் பாட்டு விடாமல் சொல்கிறது. தூங்கா நகரம் என்று இன்று மதுரையைப் போற்றுகிறோமே, அந்தப் புகழின் கணக்கில் அந்தக் கூவியரின் தூக்கமும் சேர்ந்திருக்கிறது. அரண்மனை இருப்பதால் மட்டும் ஓர் ஊர் நகரமாகிவிடாது. அயலூரான் அகாலத்தில் வந்தாலும் ஒரு பிடி உணவு கிடைத்தால்தான் அது நகரம்.

காசில்லாதவன் கதி? அந்தக் கேள்விக்குச் சாத்தனார் தந்த விடை மணிமேகலை. அமுதசுரபி என்ற அற்புதப் பாத்திரத்தை நாம் நம்பவேண்டியதில்லை. அற்புதங்களை நம்பும் வயதையும் கடந்துவிட்டோம். ஆனால் அந்தக் கற்பனையின் திசையைக் கவனியுங்கள். பாத்திரம் ஏந்தியவள் கணிகை குலத்துப் பெண். சோறு இட்ட இடம் உலக அறவி என்னும் பொதுமன்றம். வந்தவர் முடவரும் குருடரும் ஆதரவற்றவரும். பின்னர் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கச் செய்தாள் அவள். 'நீ யார்?' என்று கேட்காத சோறு ஒன்று இருக்கவேண்டும் என்ற நினைப்பு தமிழனுக்கு இறக்குமதியானதன்று. அவன் காப்பியத்திலேயே இருக்கிறது.

இருந்த நினைப்பு எங்கே போயிற்று? சத்திரத்து வாசலில் தொலைந்தது. மன்னரும் அரசியரும் செல்வரும் வழியெங்கும் சத்திரம் கட்டினர், நிலம் எழுதிவைத்தனர், நெல் அளந்தனர். கட்டியவர் கொடையை நாம் குறைத்துப் பேசவில்லை. நடந்தே ஊர் கடந்த காலத்தில் அந்தத் திண்ணைகள் பல உயிரைக் காத்திருக்கும். ஆயினும் அந்தச் சோற்றில் பெரும்பகுதி எவருக்கென்று எழுதப்பட்டிருந்தது? திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகளில் பார்ப்பனருக்கு இலவசச் சாப்பாடு. வரி கொடுத்த உழவனுக்கு வெளியிலே வெயில்! இது ஏதோ மலைக்கப்பால் நடந்த கதை என்று எண்ணவேண்டாம். நம் ஊரிலிருந்து மேற்கே சிறிது நேரப் பயணத்திலுள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை அந்த மலையாள நாட்டு ஆட்சியில்தான் இருந்தது.

நிலத்தை உழுதவன் ஒருவன், நெல்லை விளைத்தவன் ஒருவன், உண்ண உட்கார்ந்தவன் மற்றொருவன். இதற்குத் தருமம் என்று பெயர்!

எதிர்க்குரலும் எழாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்திருவிதாங்கூரின் சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லாரையும் ஒரே கிணற்று நீர் அருந்தச் செய்தார். ஒரே பந்தியில் உட்காரவைத்தார். வடலூரில் இராமலிங்கர் 1867ஆம் ஆண்டு தருமசாலை கண்டு, சாதி கேளாது சோறிடும் அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. இருவரும் சமயத்தின் மொழியில் பேசியவர்கள். அந்த மொழி நம்முடையதன்று. ஆனால் அவர்கள் போட்ட இலை நம்முடையது.

பின்னர் புகைவண்டி வந்தது. 1876ஆம் ஆண்டு நெல்லைக்கு; இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கல்லிடைக்குறிச்சி வழியே செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும். பொழுது சாய்ந்தால் சத்திரத்தில் தங்கிய பயணி, இப்போது பொழுது சாய்ந்தபின்னும் பயணம் செய்தான். பாதி இரவில் இறங்கினான். ஒரே பெட்டியில் தோளுரச உட்கார்ந்து வந்தவர்களைச் சாதி ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டியில் தோற்ற சாதி, நிலையத்து உணவு விடுதியில் காத்திருந்து பிடித்துக்கொண்டது. 'பிராமணருக்கு' என்று ஓரிடம், 'மற்றவர்களுக்கு' என்று வேறிடம்! காப்பி கிளப்புகளிலும் அதே தட்டி, அதே தடுப்பு. தாழ்த்தப்பட்ட தோழனுக்கோ அந்த 'மற்றவர்' இடத்திலும் இடமில்லாத ஊர்கள் பல. காசு கொடுத்தால் உணவு என்ற வணிக நியாயம்கூட அவன் வாசலில் வந்து நின்றுவிட்டது.

இரவில் வருபவனை விடுங்கள். பட்டப்பகலில், விடுதலை பேசியவர்களின் கூரைக்குக் கீழேயே பந்தி பிளந்து கிடந்த கதை நம் ஆற்றங்கரையில் நடந்தது. வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் 1922ஆம் ஆண்டு நம் கல்லிடைக்குறிச்சியில்தான் தோன்றியது. பிறகு சேரன்மாதேவிக்குச் சென்றது. தமிழ்நாடு காங்கிரசுக் குழு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து ஐயாயிரத்தைக் கொடுத்தது. எல்லாச் சாதியாரும் தந்த பணம்! அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு. ஏனையோருக்கு வேறு பந்தி. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்த சிறுவன்; அவன் வாயிலாக வெளிவந்த செய்தி நாடெங்கும் தீயாயிற்று. வரதராசுலு நாயுடு கிளர்ந்தார், பெரியார் கிளர்ந்தார். 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரசுக் குழுவில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது.

ஐயரைப்பற்றி ஒரு சொல். அவர் வீரர், கற்றவர், தாமே சாதி பார்த்து உண்டவரல்லர் என்பதை அவரை எதிர்த்தவர்களும் அறிவர். 1925 சூனில் பாபநாசத்து அருவியில் தவறிய மகளைக் காக்கப் பாய்ந்து உயிர்விட்டார். அந்தத் தந்தைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் பாடம் இதுதான்: தனி மனிதரின் நல்ல மனம் பந்தியைச் சமமாக்கப் போதவில்லை. இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்காக அவர் விட்டுக்கொடுத்த இரண்டு இலைகள், ஓர் இயக்கத்தையே பிறப்பித்துவிட்டன. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார்.

அதன்பின் வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தாமாகத் திறக்கவில்லை, தட்டித்தான் திறந்தன. 1941ஆம் ஆண்டு, பெரியார் நடத்திய எதிர்ப்பின் பயனாகப் புகைவண்டி நிலைய விடுதிகளின் சாதித் தடுப்பு விழுந்தது. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, கடைக்கும் உணவு விடுதிக்கும் செல்வதில் சாதி காரணமாகத் தடையிருக்கக் கூடாதென்றது, தீண்டாமையையும் ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பவனைத் தண்டனைக்குரியவனாக்கியது. 1957 மே மாதம் தொடங்கிச் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து மறியல் நடந்தது. நாள்தோறும் தோழர்கள் வந்தனர். நாள்தோறும் சிறை சென்றனர். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போருக்குப்பின் 1958இல் அந்தச் சொல் இறங்கியது. 'ஒரு சொல்லுக்கா இத்தனை பேர் சிறை?' என்று அன்று கேலி பேசியவர் உண்டு. ஒரு சொல்தானே, எடுத்துவிட வேண்டியதுதானே என்று ஏன் எவரும் கேட்கவில்லை?

சட்டம் செய்தது பாதி. அடுப்பு செய்தது மறுபாதி. இரவுக் கடையில் முழுச்சாப்பாடு ஏன் அரிது, தோசையும் பரோட்டாவும் ஏன் எளிது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சோறு மொத்தமாக வடிக்கவேண்டியது. எத்தனை பேர் வருவர் என்று தெரியாத நேரத்தில் உலை ஏற்றினால் மிஞ்சியது வீண், முதலாளிக்கு இழப்பு. தோசைக்கல்லோ ஒருவன் வந்தாலும் அவனுக்காகக் காயும். பிசைந்த மாவு காத்திருக்கும், சால்னா கொதித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பகலில் 'சாப்பாடு தயார்' என்ற கடைகூட இரவில் கல்லுக்கு மாறிவிடுகிறது.

அந்தக் கல்லின் முன்னே மூட்டை தூக்கியவனும், கடைசி ஆட்டம் படம் பார்த்தவனும், வண்டி ஓட்டியவனும், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்தவனும் ஒரே பலகையில் உட்கார்ந்தனர். மிலிட்டரி ஓட்டல்களும், மதுரைச் சீமை வடக்கம்பட்டியார் ஊரூராய்ப் பரப்பிய முனியாண்டி விலாசுகளும், சாலையோரப் பரோட்டாக் கடைகளும் சமபந்தி மாநாடு கூட்டவில்லை, தீர்மானம் போடவில்லை. இருப்பது ஒரே பலகை என்பதால் பிரித்து உட்காரவைக்க வழியில்லை, அவ்வளவுதான். ஆயினும் இதைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. நகரத்துப் பலகை சமமான பின்னும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது. வணிகம் வாசலை அகலமாக்கும்; ஆனால் அங்கே நின்று காவல் காக்காது. அது நம் வேலை.

இன்றைய நிலை என்ன? பத்தோ அதற்கு மேலோ பணியாளர் உள்ள கடைகள் நாள் முழுதும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு மூன்றாண்டுகளுக்கு ஆணையிட்டது, 2022இல் நீட்டித்தது. பணியாளருக்கு வேலைநேர வரம்பும் முறைவைத்து வார விடுமுறையும் உண்டு. பெண் பணியாளர் எழுத்தால் இசைந்தால் மட்டுமே, உரிய காப்போடு, இரவு எட்டுக்குமேல் வேலை செய்யலாம். உணவு விடுதித் தொழிலாளரின் வேலைநேரத்துக்கு 1958ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் உண்டு. ஏட்டிலே நன்று! ஆனால் இரண்டு மூன்று பேரை வைத்து நடக்கும் பரோட்டாக் கடை அந்த ஆணையின் கணக்கில் வராது. அங்கே கல்லடியில் வேகும் தொழிலாளியின் இரவு எவர் கணக்கிலும் வராது.

அந்த மாணவியின் கேள்விக்கு அன்றிரவு நாம் சொன்ன விடை சிறியது. இங்கே எழுதும் விடை இது: உணவு எக்காலத்திலும் இருந்தது, தங்கையே. வாசலில் கேட்கப்பட்ட கேள்விதான் காலத்துக்குக் காலம் மாறியது. சத்திரத்தில், 'நீ என்ன சாதி?' காப்பி கிளப்பில், 'காசு இருக்கிறது, சரி. ஆனால் நீ எந்தப் பக்கம்?' இன்று உன்னையும் உன் தாயாரையும் பார்த்து, 'இந்த நேரத்தில் பெண்ணா?' முதலிரண்டு கேள்விகளையும் உன் பாட்டனார் தலைமுறை மறியல் செய்து விரட்டியது. மூன்றாவது உன் தலைமுறைக்கும் நமக்கும் மிச்சம். பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது பரிவுபோலத் தோன்றும். முன்பு வாசலுக்கு வெளியே நிற்பவனுக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றியவனும் தன்னைப் பரிவுள்ளவன் என்றுதான் எண்ணியிருப்பான்.

மூன்றாவது கடையில் இடம் கிடைத்தது. நீண்ட பலகையில் அறுவரும் வரிசையாக உட்கார்ந்தோம். எதிர்ப்பலகையில் இருந்த சுமைதூக்கும் தோழர் ஒருவர், சால்னா வாளியை மாணவியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தம் இலையைப் பார்த்து உண்ணத் தொடங்கினார். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். மறுமுறையும் கேட்டு வாங்கினாள்.

பணம் கொடுக்கும்போது, பரிமாறிய இளைஞனிடம் கேட்டோம்: "தம்பி, நீ சாப்பிட்டாயா?"

"கடைய அடச்ச பொறவுதான் சார்."

மணி அப்போது பன்னிரண்டரை. தோழர்களே, இரவில் நல்ல உணவு எங்கே கிடைக்கும் என்று உங்களை எவரேனும் கேட்டால் தெருப்பெயர் சொல்வதோடு நிற்காதீர்கள். எவரையும் 'நீ யார்?' என்று கேட்காத கடை, பெண்ணைப் பலகையில் உட்காரவைக்கும் கடை, பரிமாறுபவனும் பசியாறிய கடை எது என்று தேடிச் சொல்லுங்கள். அப்படி ஒரு கடை உங்கள் ஊரில் இல்லையென்றால், வரலாற்றில் இன்னும் ஒரு வாசல் தட்டப்படாமல் இருக்கிறது என்று பொருள்.