வில் யாருடையது?

மனிதனுக்கு முகம் எப்படியோ, அப்படித்தான் ஒரு நகரத்துக்கோ நாட்டுக்கோ அதன் இலச்சினை. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் ஒரு கேடயச் சின்னம் உண்டு. மியூனிக் நகரத்தின் சின்னத்தில் ஒரு துறவி நிற்கிறார். துறவிகள் வாழ்ந்த இடம் என்பதுதான் அந்த ஊர்ப் பெயரின் பொருள். பிரெமன் நகரத்துக்குச் சாவி. சொர்க்கத்தின் சாவி புனித பேதுருவின் கையில் இருப்பதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அவர் அந்த நகரத்துப் பேராலயத்தின் காவலர். பெர்லினுக்குக் கரடி. பெர்லின் என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து பிறந்தது என்கிறார்கள் மொழி வல்லுநர்கள். ஆனால் ஜனங்களின் காதுக்கு அதில் கரடி என்ற சொல் கேட்டது. கரடி சின்னத்தில் ஏறிக்கொண்டது. 1280-ஆம் ஆண்டு முத்திரையிலேயே அது காணப்படுகிறது.

இந்தச் சின்னங்களின் வரலாறு சுவையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் முகத்தை இரும்புக் கவசத்தால் மூடிக்கொண்டு போர் செய்தார்கள். எதிரே வருகிறவன் நம்மவனா, மாற்றானா என்பதைக் கேடயத்தில் எழுதிய சித்திரம்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நகரங்களும் தங்கள் பத்திரங்களுக்கு முத்திரை செய்துகொண்டன. வணிகரும் கைவினைஞரும் சேர்ந்து நடத்திய நகர சபைக்கு அந்த முத்திரை சொந்தம். இளவரசர்கள் மாறினார்கள், ஊரும் அதன் முத்திரையும் நிலைத்தன.

நம் நாட்டில் இப்படி உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். சேலத்திலிருந்து நாமக்கல் வரை பரந்து கிடக்கும் சமவெளியில் நின்று கிழக்கே பாருங்கள். நீல மேகம்போல் எழுந்து நிற்கிறது கொல்லிமலை. அந்த மலையைச் சுற்றி ஒரு சின்னத்தின் கதை இருக்கிறது. அந்தச் சின்னம் வில்.

பாண்டியனுக்கு மீன், சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். இது வெறும் புலவர் கற்பனை அன்று. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து சேரர் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சதுரமான சின்னஞ்சிறு செப்புக் காசுகள். ஒரு புறம் யானை, மறுபுறம் வில்லும் அம்பும். காவிரியின் வடகரையில் பரமத்தி வேலூர் இருக்கிறது அல்லவா? அதற்கு எதிர்க்கரையில் புகளூர். அங்கே ஆறுநாட்டார் மலைக் குகையில் ஒரு பழங்கல்வெட்டு உண்டு. ஒரு சமணத் துறவிக்குக் கற்படுக்கை செய்து கொடுத்த செய்தி அது. 1965-இல் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து, சேர இரும்பொறை மரபில் தந்தை, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையின் பெயர்களை எடுத்துக் காட்டினார். இந்தச் சமவெளியில் வில் இலச்சினைக்கு உரியவர்கள் உண்மையாக வாழ்ந்தவர்கள் என்பதில் ஐயமே இல்லை.

ஆனால் கொல்லிமலை முதலில் அவர்களுடையது அன்று. அது வல்வில் ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். ஒரே அம்பை எய்து யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்று வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றில் பாடுகிறார். ஒரு கணையால் இத்தனையும் ஆகுமா என்று கணக்குப் போட வேண்டாம். பாணர் கூட்டம் ஒன்றுக்கு வயிறார உணவும் கை நிறையப் பொன்னும் கொடுத்தவனை எப்படிப் புகழ்ந்தாலும் தகும் என்று புலவருக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த ஓரிக்குப் பகையாக வந்தான் முள்ளூர் மலைக்கு உரிய காரி. யுத்தம் நடந்தது. ஓரி மாண்டான். வென்ற காரி கொல்லியைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூறு இதைச் சொல்கிறது. ஓரியின் தெருவிலே காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் ஓர் உவமையாக வைத்துப் போகிறார். அந்த ஒரு தெருவின் கூக்குரல் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நம் காதில் விழுகிறது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! வில்லாலே புகழ் பெற்றவனின் மலை, வில்லைக் கொடியிலே எழுதியவனுக்குப் போய்ச் சேர்ந்தது. மலை மட்டுமா போயிற்று? மலையின் பெயரும் போயிற்று. ‘கொல்லிப்புறை’ என்ற எழுத்துக்கள் பொறித்த காசுகள் கரூரிலே கிடைத்திருக்கின்றன. கொல்லிக்கு உரிய பொறையன் என்பது சேரனின் விருதாகிவிட்டது. அந்த விருதுக்கு ஆயுளும் அதிகம். பல நூற்றாண்டுகள் கழித்து மேற்குக் கடற்கரையிலே ஆண்ட குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்றே சொல்லிக்கொள்கிறார்.

சின்னங்களுக்கு இப்படி ஓர் இயல்பு உண்டு. வென்றவன் கைக்கு அவை போய்விடும். முதலாம் இராஜேந்திர சோழனுடைய திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி மாத்திரம் இல்லை. பக்கத்திலே இரண்டு மீன்களும் ஒரு வில்லும் இருக்கின்றன. மூன்று நாடும் என் குடைக்கீழ் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வாக்கியம் எழுத முடியாது. சிலப்பதிகாரத்திலோ சேரனின் ஆள் ஒருவன், வடநாட்டு மன்னர்களுக்கு அனுப்பும் ஓலையில் வில், மீன், புலி மூன்றையும் சேர்த்துப் பொறிக்கச் சொல்கிறான். முத்திரை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சோழன் முத்திரையில் வெற்றி பேசுகிறது, இளங்கோவடிகளின் காவியத்தில் ஒற்றுமை பேசுகிறது. ஆக, ஒரு சின்னத்தின் பொருள் அதை வரைந்த கோட்டிலே இல்லை; அதை ஏந்துகிறவன் நெஞ்சிலே இருக்கிறது.

நம்முடைய சின்னங்கள் யாவும் அரசர்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துவிடவும் கூடாது. சித்திரமேழிப் பெரிய நாட்டார் என்று உழவர்களின் சபை ஒன்று இடைக்காலத்திலே செல்வாக்கோடு விளங்கியது. அவர்களுடைய கல்வெட்டுகளில் மேழியைச் செதுக்கியிருப்பதைக் காணலாம். மேழி என்றால் கலப்பை. ஜெர்மானிய நகரத்து வணிகனும் தச்சனும் தங்கள் முத்திரையை எவ்வளவு பெருமையோடு பார்த்தார்களோ, அவ்வளவு பெருமையோடு நம் உழவனும் மேழியைப் பார்த்திருப்பான்.

சரி, வில் என்னவாயிற்று? சேர மரபு மறைந்தது. வில்லைக் கொடியில் ஏந்த வாரிசு இல்லை. சேரலம் என்பதே சேலம் ஆயிற்று என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மலைகள் சூழ்ந்த ஊராதலால் சைலம் என்பது சேலம் ஆயிற்று என்பது வேறு சிலர் கட்சி. பெர்லின் கரடியைப்போல இதுவும் காதுக்கு இனிக்கும் விவகாரம். வழக்கைத் தீர்க்க நான் முன்வரப்போவதில்லை.

ஆனால் ஒரு வழக்கில் இந்தச் சமவெளி ஜனங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கொல்லிமலைச் செம்மேட்டிலே சிலை இருப்பது சேரனுக்கு அன்று, ஓரிக்கு. ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி அங்கே அரசாங்கமே வல்வில் ஓரி விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. ராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக மலை ஏறுகிறார்கள்.

போரில் தோற்றவன், நாட்டை இழந்தவன், காசிலே பெயர் இல்லாதவன் அவன். ஆயினும் கேட்டவருக்கு இல்லை என்னாமல் கொடுத்தான். அதனாலேதான் போலும், வென்றவர்களின் வில் காசிலே தேய்ந்து அருங்காட்சியகத்துக்குப் போய்விட, அவன் கை வில் மாத்திரம் இன்னும் மலைமேலே வளைந்துகொண்டிருக்கிறது.