நாற்காலிக்காக முதுகா, முதுகுக்காக நாற்காலியா?

'நிமிர்ந்து உட்கார்' என்பது வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் அறிவுரை. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அமர்ந்துவிட்டு, மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். குற்றம் உட்காருபவர் மீதா, நாற்காலி மீதா? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1849ஆம் ஆண்டில் தாமஸ் வாரன் என்ற அமெரிக்கர், சுழலவும் எல்லாப் பக்கமும் சாயவும் கூடிய ஸ்பிரிங் நாற்காலி ஒன்றை வடிவமைத்தார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஆனால், சொகுசாகச் சாய்வதைச் சோம்பலாகவும் விறைப்பாக அமர்வதை நல்லொழுக்கமாகவும் கருதிய காலம் அது. நிமிர்ந்து உட்காரச் சொன்னதில் மருத்துவத்தைவிட மரியாதைக்கே அதிகப் பங்கு இருந்தது.

மருத்துவ ஆய்வுகள் வலுப்பெற ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. 1948இல் சுவீடனின் பெங்ட் ஆகர்புளோம், நிற்பதையும் உட்காருவதையும் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். கீழ்முதுகைத் தாங்கும் சாய்மானம் வேண்டும் என்பது அவர் கருத்து. 1953இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜே.ஜே.கீகன், பல நிலைகளில் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்.

நிற்கும்போது கீழ்முதுகு இயல்பாகவே உள்நோக்கி வளைந்திருக்கும். தொடையை மடக்கிச் செங்கோணத்தில் அமர்ந்தால், தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கின்றன. அந்த வளைவு தட்டையாகிறது. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் முன்பக்கம் நசுங்கி, அழுத்தம் பின்பக்கம் போகிறது. உடலுக்கும் தொடைக்கும் இடையே ஏறக்குறைய 135 பாகை இருக்கும்போதுதான் முதுகு இயல்பான வளைவில் இருக்கிறது என்றார் கீகன். 'ஒழுங்கான' செங்கோண இருக்கை, முதுகெலும்புக்கு ஒழுங்கானதாக இல்லை!

1960களில் சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன், தன்னார்வலர்களின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். தாங்கலின்றி உட்காரும்போது, நிற்பதைவிட அழுத்தம் கூடியது. பின்சாய்ந்து, இடுப்புக்குத் தாங்கல் கொடுத்தால் குறைந்தது.

நாற்காலிகளும் மாறின. 1976இல் பில் ஸ்டம்ப் வடிவமைத்த 'எர்கான்' வந்தது. 1979இல் நார்வேயில் முழங்காலை ஊன்றி அமரும் இருக்கை பிறந்தது. 1994இல் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் 'ஏரான்' நாற்காலியைப் பஞ்சு மெத்தை இல்லாமல், வலைத்துணியில், மூன்று அளவுகளில் உருவாக்கினர். சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல் நாற்காலிக்கும் அளவு பார்க்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

கதை அத்துடன் முடியவில்லை. 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரே ஒரு தன்னார்வலரின் வட்டில் கருவி பொருத்தி அளந்தபோது, தளர்வாக உட்காரும்போது இருந்த அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. பழைய முடிவு ஆட்டம் கண்டது. 2006இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோதோ, 135 பாகை சாய்வே முதுகுக்கு இதமானது எனத் தெரிந்தது.

எல்லாருக்கும் எந்நேரமும் பொருந்தும் ஒரே 'சரியான' நிலை என்று எதுவுமில்லை என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. பாதம் தரையில் படிய, கீழ்முதுகுக்குத் தாங்கல் இருக்க, அவ்வப்போது சாய இடம் தருவது நல்ல நாற்காலி. ஆனால், எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும், அது உட்காருபவருக்குப் பதிலாக எழுந்து நடக்காது. பிள்ளைகளிடம் 'நிமிர்ந்து உட்கார்' என்பதோடு, 'கொஞ்சம் எழுந்து நட' என்றும் சொல்லிப் பழகலாமே!