தண்ணீரை எங்கே அனுப்புவது?

2021 டிசம்பர் 18 இரவு. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த மாமா கடைசியாகப் போனில் சொன்னது இதுதான்: "படியில பாதி வரைக்கும் ஏறிடுச்சு தம்பி. மேல்மாடியில இருக்கோம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் எங்ககூடத்தான் இருக்காங்க." மறுநாள் மாலை அவர்களைப் படகில் ஏற்றி வந்தவர்கள், முன்பின் தெரியாத இரண்டு மலாய் இளைஞர்கள். அந்த வாரம் படகு வைத்திருந்த பலரும் மீட்புப்படை ஆனார்கள்.

வடிகால் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். வெள்ளம் வந்ததும் இவ்வளவு சுலபமாகக் கூடிய கைகள், அதற்கு முன்னால் ஏன் கூடவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1857-இல் ஈயம் தேடி வந்தவர்கள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்றுக்கரையில் இறங்கினார்கள். அதுதான் கோலாலம்பூர். பின்னர் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் படிந்து ஆற்றுப்படுகை மேடானது. 1926-இல் நகரம் மூழ்கியது, ஆற்றை நேராக்கினார்கள். 1971 ஜனவரியில் மறுபடியும் மூழ்கியது. கோலாலம்பூரில் 32 பேர் இறந்தார்கள். 1932-இல் வயல்களுக்காகத் தொடங்கப்பட்ட நீர்ப்பாசன வடிகால் இலாகாவிடம், 1972-இல் நகர வெள்ளமும் ஒப்படைக்கப்பட்டது. 1975-இல் நகர வடிகாலுக்கென்று ஒரு வழிகாட்டி வந்தது.

அந்த வழிகாட்டியின் கொள்கை, விழுந்த மழையைச் சீக்கிரம் வெளியே தள்ளு என்பது. நாம் வளர்ந்த தாமான்களின் சிமெண்டு லோங்காங் எல்லாம் அந்த எண்ணத்தின் பிள்ளைகள். மண்ணில் ஊறி மெதுவாக நகர வேண்டிய மழை, கூரையிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் சில நிமிடங்களில் ஆற்றுக்குப் போனது. ஒவ்வொரு தாமானும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழே போய்ச் சேர்ந்தது. கீழே இருப்பவன் யாரென்று கணக்கில் கேட்கவே இல்லை. ஸ்ரீ மூடா அப்படிப்பட்ட கீழ். கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலம்.

2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். 9.7 கிலோமீட்டர் நீளம், வெள்ளம் வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு ஆற்றையே உள்ளே விடலாம். நினைத்தால் இன்னும் பிரமிப்புதான். ஆனாலும் அது நகர மையத்தைக் காக்கக் கட்டியது.

உண்மையான திருப்பம் பெரிதாக யாரும் பேசாத ஒரு கையேட்டில் இருக்கிறது. 2001-இல் நடைமுறைக்கு வந்த 'மானுவல் சாலிரான் மெஸ்ரா ஆலாம்', 1975-இன் எண்ணத்தைத் தலைகீழாக்கியது. நீ கட்டிய பிறகு உன் மனையிலிருந்து வெளியேறும் உச்ச நீரோட்டம், கட்டுவதற்கு முன்பு இருந்ததைத் தாண்டக்கூடாது. குளமோ தொட்டியோ வை, உன் மழையைக் கொஞ்ச நேரம் நீயே பிடித்து வை. சமன்பாடுகளுக்கு நடுவே அண்டை வீட்டாரை நினைத்துப் பார்த்த முதல் புத்தகம் அது என்றே எனக்குத் தோன்றும்.

ஆனால் அதற்கு முன்பே கட்டிய தாமான்களை அந்த விதி தொடவில்லை. புதியவற்றிலும் பார்த்திருக்கிறேன்: குளத்தில் பழைய சோபா மிதக்கும், பின்சந்து லோங்காங்மேல் அடுப்படி நீண்டுவிடும். என் கையும் சுத்தமில்லை. ஒரு கூட்டத்தில், "இந்தக் குளத்தை இன்னும் எவ்வளவு சின்னதாக்கலாம்?" என்று கேட்டார்கள். விதிக்குள் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக் கொடுத்தேன். பாராட்டினார்கள்.

மாமா வீடு மாறவில்லை. அவர்கள் வரிசைக்கு இப்போது ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. யார் வீட்டில் படியேற முடியாத பெரியவர் இருக்கிறார், யார் காரை எங்கே மேட்டில் நிறுத்துவது எல்லாம் அதில் உண்டு. மாதம் ஒருமுறை கோத்தோங் ரோயோங், லோங்காங்கில் அடைத்த குப்பையை அள்ளுகிறார்கள். போன தீபாவளிக்குப் போனபோது, எப்போதோ சிமெண்டு போட்டு மூடிய வாசல் தோட்டத்தைக் காட்டினார்.

"இத உடைச்சா ஏதாவது பிரயோஜனம் இருக்கா?"

இருபதுக்குப் பத்தடி. 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கே விழுவது ஏறக்குறைய 900 லிட்டர். மண்ணைத் தாழ்த்திப் பள்ளமாக விட்டால் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

"அவ்ளோதானா?"

"உங்க வரிசையில எத்தனை வீடு மாமா?"

எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக் கேட்டைத் தட்டப் போனார்.