கிரெமோனாவின் மரமும் எட்டயபுரத்தின் நாதமும்

கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரைத் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் நினைவுகூர்கிறோம். அவர் பிறந்த ஊரை நிலப்படத்தில் தேடியவர் சிலரே. இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கிரெமோனா. முனிவர் பிறந்த 1680ஆம் ஆண்டில்தான் அந்தோனியோ ஸ்த்ராதிவாரி அந்நகரில் புதுவீடு புகுந்து பட்டறை அமைத்தார். இன்று பல கோடி ரூபாய்க்கு ஏலம் போகும் வயலின்கள் அங்கே பிறந்தவை.

வயலினுக்கு நிலையான வடிவு தந்தவர் அதே நகரத்து அந்திரேயா அமாத்தி. காலம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த 1542ஐ ஒட்டிய காலம் எனக் கொள்ளலாம். மேற்பலகைக்குக் குளிர்மலையில் மெல்ல வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம். அடிப்பலகைக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள். இரு பலகைகளின் மேடும் வளைத்துப் பெறப்படுவதன்று, செதுக்கிப் பெறப்படுவது. விளிம்பையொட்டிப் பதித்த மெல்லிய மரக்கோடு வெறும் அணியன்று. ஓரத்தில் தோன்றும் விரிசல் உள்ளே பரவாமல் காப்பது. ஒட்டுவதற்கு விலங்குத்தோல் பசை. வெப்பமும் ஈரமும் மிகும்போது மரம் பிளக்குமுன் பசை விட்டுக்கொடுக்கும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். விட்டுக்கொடுப்பதற்கென்றே ஒரு பசை! இரு பலகைகளுக்கும் இடையே, பசையின்றி, இறுக்கத்தால் மட்டும் நிற்கும் சிறு குச்சி ஒன்றுண்டு. அதற்கு இத்தாலியர் இட்ட பெயரின் பொருள் ‘உயிர்’. உயிரும் மெய்யும் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு இதைக் கடந்து செல்ல மனம் வரவில்லை.

இனி எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். 1824இல் எட்டயபுரம் அரசவை வித்துவானானார். அவர் கையிலிருந்தது கிரெமோனா வயலின் என்று சொல்ல வரவில்லை. அவ்வடிவின் பிறப்பிடத்தையே சொல்கிறேன்.

கர்நாடக இசைக்கு வந்த வயலினில் மரம் மாறவில்லை, சுருதி மாறியது. நான்கு தந்திகளும் ச–ப–ச–ப எனக் கூட்டப்பட்டன. நின்று வாசித்த கருவி தரையில் அமர்ந்தது. அதன் சுருள்தலை வலது பாதத்தின்மேல் சாய்ந்தது. கருவியைத் தாங்கும் வேலை குறையவே, இடக்கை தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லலாயிற்று. கமகம் அங்கே பிறக்கிறது. ‘அயல்நாட்டுக் கருவியைக் கடன் வாங்கினோம்’ என்போர் இக்கையை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘இராவணன் கருவியே வயலின்’ என்று உரிமை கொண்டாடுவோரும் அப்படித்தான். அவர்கள் கிரெமோனாத் தச்சனையும் மறந்துவிடுகின்றனர்.

எகர ஏகார, ஒகர ஒகார வேறுபாட்டைத் தெளிவாக்க எழுத்தின் வரிவடிவில் சிறு மாற்றம் செய்தவர் வீரமாமுனிவர் என்பது மரபு. மொழியின் உடலை அவர் தொடவில்லை. பாலுசுவாமியின் வழியும் ஏறக்குறைய அதுவே. முன்னவருக்குத் தமிழுலகம் சிலை வைத்தது; பின்னவரை, அண்ணனின் பெயரோடு சேர்த்தாலன்றி, என் மாணவர் எவரும் அறிந்திலர்.

முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவர் சமாதி அங்குள்ளது. பாலுசுவாமியின் மகள்வழிப் பேரரும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றியதும் அவ்வூரிலிருந்துதான்.