கத்தியின் பதமும் தொடாத கையும்

சவரக்கத்தி தீட்டியாகிவிட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தொட்டுப் பார்க்கணும். தமிழில் இதற்குப் பதம் பார்ப்பது என்று பேர். சோற்றுக்குப் பதம், உழவுக்கு மண்ணில் பதம், கத்திக்கும் பதம். எல்லாம் கை தொட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவு. தொடுவதையே குற்றமாக்கி வைத்த சாதிச் சமூகத்தில் இந்த அறிவு யாரிடம் இருந்தது, யார் முகத்துக்குப் பயன்பட்டது, யார் முகத்துக்கு மறுக்கப்பட்டது? சின்ன விஷயம்போலத் தெரியும் இந்தக் கேள்விக்குள் பெரிய வரலாறு கிடக்கிறது.

எங்க ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம். செம்மண், முந்திரிக்காடு. முன்பு உடையார்பாளையம் தாலுகா. திருச்சி மாவட்டமாக இருந்தது, 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் போனது, 2007இலிருந்து அரியலூர் மாவட்டம். மாவட்டத்தின் பேர் இத்தனை தடவை மாறியும் ஊர்த்தெரு நாவிதர் எங்க தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை. தெருவுக்கே சிரைத்துவிட்டவர் என் பெரியப்பா. அவர் காட்டுவேலைக்காரர். வேற ஆள் இல்லாததால் கற்றுக்கொண்டார். பொங்கலுக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் முன்னாடி அவர் வாசலில் வரிசை நிற்கும். ஒரு மடக்குக்கத்தி, ஒரு சாணைக்கல், ஒரு தோல் வார், ஒரு கட்டி படிகாரம். அவ்வளவுதான் சாமான்.

அவர் சொல்லித்தந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏன்னா இதையெல்லாம் எவனும் எழுதி வைக்கவில்லை. கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படியணும். "அமுக்காதடா, அமுக்குனா கல்லு கத்தியத் தின்னுரும்" என்பார். கல்லில் வாய் முன்னே போகணும், வாரில் முதுகு முன்னே போகணும். மாற்றிப் போட்டால் வார் அறுந்துபோகும். தீட்டத் தீட்ட முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும். வாயின் ஓரத்தில் வெள்ளைக்கோடு மினுங்கினால் இன்னும் மழுங்கல். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. அடுத்தது நகம். பெருவிரல் நகத்தை ஈரமாக்கி, அழுத்தாமல் கத்தியை இழுத்தால், எங்கே பல் விழுந்திருக்கோ அங்கே தட்டும். வழுக்கிக்கொண்டு போனால் கூர் ஏறவில்லை. ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு போனால் சரி. கரகரவென்று சுரண்டினால் பிசிர் நிற்கிறது, வாரில் போடணும். ஆனால் நகச்சோதனையைத் தீட்டல் முடிந்தபிறகு செய்யக்கூடாது, ஏற்றிய கூரை நகமே கெடுத்துவிடும். அப்போது விரல்சதைதான். வாய்க்குக் குறுக்கே, ரொம்ப லேசாக. நீளவாக்கில் போனால் விரல் போய்விடும். கடைசியாக முன்கை மயிர். தோலைத் தொடாமல் மயிரின் நுனியில் கத்தியைக் கொண்டுபோனாலே மயிர் விழணும்.

இத்தனையும் தீட்டுகிறவன் தன் உடம்பிலேயே பார்த்துக்கொள்கிற சோதனை. முடிவான சோதனை இன்னொருத்தர் கன்னம்தான். அவர் முகம் சுளித்தால் கத்தி தோற்றது. இன்னொரு மனுசனின் தோலைத் தொட்டால்தான் இந்த அறிவு முழுமையாகும். சாதி வந்து நிற்பதும் அந்த இடத்தில்தான்.

நாவிதர், பரியாரி, மருத்துவர், பண்டிதர் என்று அந்த மக்களுக்கு எத்தனை பேர்! புண்ணைக் கீறிக் கட்டியது அந்தக் கைதான். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பும் இதைப் பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பாவிலும் கத்தி பிடித்தவன்தான் அறுவை வைத்தியம் பார்த்தான். லண்டனில் 1540இல் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாக ஆக்கப்பட்டார்கள், 1745இல் பிரிந்தார்கள். பிரிந்த வைத்தியர்கள் மதிப்பில் உயர்ந்தார்கள். இங்கே பரியாரியின் வைத்தியம் ஆஸ்பத்திரிக்குப் போனது, பிறப்பின் இழிவு மட்டும் அவரிடமே விடப்பட்டது.

அப்படி இழிவுபடுத்தப்பட்டவர் நம்மை ஏன் தொட மறுத்தார்? அவருக்குக் கூலி களத்து நெல். அறுவடைக்கு ஊர்க்காரன் அளந்து போட்டால்தான் அடுப்பெரியும். சேரியில் கத்தி வைத்த கையை ஊர் தன் கன்னத்தில் வைக்கவிடாது, நெல்லும் போடாது. இந்தப் பயம் ஒருபக்கம். நமக்கும் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். நாமும் யோக்கியம் இல்லை. நமக்குத் துணி வெளுத்து, சிரைத்தும்விட்ட புதிரை வண்ணாரை நாம் எங்கே வைத்திருந்தோம்? பறையர் தெருவுக்கு வெளுக்கும் குடும்பத்தின் பாட்டை இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலாக எழுதியபோது நமக்குள்ளேயே எவ்வளவு சண்டை!

அம்பேத்கருக்கும் இது சொந்த அனுபவம். சாத்தாராவில் நாவிதர்களுக்குக் குறைவில்லை, ஆனால் மகர் பிள்ளைகளின் தலையைத் தொட ஒருவரும் தயாராக இல்லை. தம்பிகளுக்கு அக்காவே முடிவெட்டிவிட்டு அதில் தேர்ந்துபோனார் என்று அவரே எழுதியிருக்கிறார். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29இல் 'கடை' என்றால் என்ன என்ற கேள்வி வந்தபோது, கேட்டு வருகிறவருக்குச் சேவை தரும் இடம் எதுவும் கடைதான் என்று அவர் விரித்துச் சொன்னதற்குப் பின்னால் அந்த அக்காவின் கத்தரிக்கோலும் இருந்ததாகவே நான் நினைக்கிறேன். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் முடிவெட்டும் கடையையும் சலவைக்கடையையும் 'கடை' என்பதற்குள் சேர்த்தது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

கத்தி பிடித்தவன் அதிகாரத்துக்கு எதிராக நின்ற வரலாறும் உண்டு. 1890இல் பம்பாயில், சத்தியசோதக் இயக்கத்தின் நாராயண் மேகாஜி லோகண்டே முயற்சியில் நாவிதர்கள் கூடி, விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்னே, சாக்கிய இளவரசர்களோடு புத்தரிடம் போன நாவிதர் உபாலிக்குத்தான் முதலில் துறவு கொடுக்கப்பட்டது. எங்கள் செருக்கு அடங்கட்டும் என்று இளவரசர்களே அப்படிக் கேட்டார்கள் என்கிறது பௌத்த மரபு. ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில் விநயத்தை எடுத்துச் சொன்னவர் அந்த உபாலி.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்தப் பயம் ஊர் ஊராகப் பரவ, மடக்குக்கத்தி போய், ஆளுக்கொரு புதுப் பிளேடு வந்தது. சாணைக்கல்லுக்கு வேலையில்லை, பதம் பார்க்கும் விரலுக்கும் வேலையில்லை. ரத்தத்துக்குப் பயந்து கத்தியை ஒரு தலைமுறைக்குள் மாற்றிக்கொண்ட ஊர், நாற்காலியை மட்டும் மாற்றவில்லை. தலித் பையனுக்கு முடிவெட்ட மறுத்தார்கள் என்ற வழக்கு தமிழ்நாட்டில் இந்த நூற்றாண்டிலும் வருகிறது. நம்ம பிள்ளைகள் பஸ் ஏறி, ஆளைத் தெரியாத டவுனில் போய் முடிவெட்டிக்கொண்டு வருகிறார்கள். டவுனில் முகத்தை யாருக்கும் தெரியாது என்பதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்க தெருவில் சிரைத்துவிட்டவர் யார், யாரிடம் கற்றார், கத்தி எங்கே வாங்கினார், கூலி என்ன என்று உயிரோடு இருக்கும் கிழவர்களிடம் கேட்டு எழுதுங்கள். புதிரை வண்ணார் வீட்டுக்கும் போங்கள், அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்வதையும் வெட்டாமல் எழுதுங்கள். நாவிதர் தெருவுக்கும் போய், எந்த ஊர்க்காரன் எதைச் சொல்லி மிரட்டினான் என்று கேளுங்கள். இந்த மூன்று வீட்டுப் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், யார் கையை யார் பிடித்து நிறுத்தினார்கள் என்பது தெரியவரும்.