தரங்கம்பாடி

தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்த, டேனியர் காலக் கட்டடங்களுக்காகப் பயணிகள் நாடிவரும் சிற்றூர். தரங்கம் என்பது அலை. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் செய்த உடன்படிக்கையின்படி டேனியர் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். கோட்டை இன்று அருங்காட்சியகம். நகர வாயில், அரசர் தெரு, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் ஆகியவற்றை நடந்தே பார்க்கலாம். ஊரின் தலையாய பெருமை அச்சுக்கலையே: 1706-இல் வந்த கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு இங்கு அச்சகம் நிறுவினார், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. கோட்டையைப் பார்ப்பதற்கு முன்பாகவே காணத்தக்கது இக்கோயில். 2004 ஆழிப்பேரலையில் மீனவர் குடியிருப்புகள் பேரிழப்புக்கு உள்ளாயின.